கட்டபொம்மன் படம் பார்த்தீர்கள். ஊமைத்துரை கதை படித்தீர்களா?

நெல்லைச் சீமையில் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குப் போய்ப் பாருங்கள். ஒரு பையன் அட்டைக் கிரீடம் வைத்து, மையால் மீசை வரைந்து, இடுப்பில் கை ஊன்றி நிற்பான். எதிரே தொப்பி போட்ட இன்னொரு பையன். அவன்தான் ஜாக்சன் துரை! வசனம் தொடங்கியதும் பந்தல் அதிரும். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சிகளுக்கும் அந்த வசனம் மனப்பாடம்.

"வீரபாண்டிய கட்டபொம்மன்" படம் 1959-ஆம் ஆண்டு மே மாதம் வெளிவந்தது. பி.ஆர்.பந்துலு டைரக்ஷன். சக்தி கிருஷ்ணசாமி வசனம். சிவாஜி கணேசன் கட்டபொம்மனாக நடித்தார். மறு வருஷம் கெய்ரோ நகரில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் படவிழாவில் சிறந்த நடிகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றும் டெலிவிஷனில் வந்தால் வீட்டில் வேலை நின்றுவிடுகிறது. 2015-இல் படத்தைப் புதுப்பித்து மறுபடி தியேட்டர்களில் ஓட்டினார்கள்.

சினிமாவைக் குறை சொல்லப் போகிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தப் படம் இல்லாவிட்டால் பாஞ்சாலங்குறிச்சி என்ற பெயர் சென்னைக்காரருக்கும் சேலத்துக்காரருக்கும் தெரிந்திருக்குமா? ஆனால் ஒரு கேள்வி. படம் முடிந்து விளக்கு எரிந்ததும் சரித்திரமும் முடிந்துவிட்டதா? முடியவில்லை என்பதே என் கட்சி. படம் விட்டுப்போனதைப் புத்தகத்தில் தேடாவிட்டால் நமக்குத்தான் நஷ்டம். சில சமயம் பக்கத்து ஊர்க்காரருக்கும் அநியாயம் நேர்ந்துவிடுகிறது.

கூத்தில் பிறந்த படம்

முதலில் படத்தின் சரித்திரத்தையே பார்ப்போம். அதுவும் சுவையான கதைதான்.

கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16-ந் தேதி. அதன் பிறகு பல ஆண்டுகள் அவர் பெயரைச் சொல்லவே ஊர் பயந்தது. ஆனாலும் பாட்டுக்காரர்கள் பாடினார்கள். கூத்துக்காரர்கள் ஆடினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் வாய்வழியாகவே அந்தக் கதையைக் காப்பாற்றினார்கள்.

கணேசன் என்ற சின்னப் பையன் ஒரு நாள் கட்டபொம்மன் கூத்தைப் பார்த்தான். நாமும் நடிகனாக வேண்டும் என்ற ஆசை அன்றே பிறந்தது என்று பிற்காலத்தில் சிவாஜி கணேசனே சொல்லியிருக்கிறார். வளர்ந்து பெரிய நடிகரான பிறகு அதே கதையை நாடகமாக்கி ஊர் ஊராக மேடை ஏற்றினார். அந்த நாடகம்தான் படமாயிற்று.

ஆக, பாட்டிலிருந்து கூத்து, கூத்திலிருந்து நாடகம், நாடகத்திலிருந்து சினிமா. ஒவ்வொரு படியிலும் கதை கொஞ்சம் மெருகேறும். கொஞ்சம் மாறவும் செய்யும். ஆச்சி சொன்ன கதையை அம்மா சொல்லும்போது மாறுவதில்லையா? அதுபோலத்தான்.

அந்தப் பழைய பாட்டு இன்று புத்தகமாகக் கிடைக்கிறது. நாங்குநேரியில் பிறந்த பேராசிரியர் நா.வானமாமலை கிராமங்களில் வழங்கிய கட்டபொம்மு கதைப்பாடலைத் தேடி எடுத்துப் பதிப்பித்தார். 1970-களின் தொடக்கத்தில் மதுரைப் பல்கலைக்கழகம் அதை வெளியிட்டது. படத்தைப் பார்த்தவர்கள் அதையும் படிக்க வேண்டும். தாய்ப் பசுவைப் பார்த்த மாதிரி இருக்கும்!

ஜாக்சன் துரையைக் கண்டது எங்கே?

இப்போது அந்த ஜாக்சன் காட்சிக்கு வருவோம்.

படத்தில் கட்டபொம்மன் இடி மாதிரி முழங்குகிறார். வரி எதற்குக் கொடுக்க வேண்டும் என்று கேட்கிறார். நாம் கை தட்டுகிறோம். நடந்தது என்ன என்று சரித்திர ஆசிரியர்கள் எழுதியதைப் படித்தால் கை தட்டத் தோன்றாது. நெஞ்சு கொதிக்கும்.

1798-ஆம் ஆண்டு. வரிப் பாக்கி 3,310 வராகன் என்று கும்பினியார் கணக்குச் சொன்னார்கள். தன்னை வந்து பார்க்கும்படி கலெக்டர் ஜாக்சன் உத்தரவு போட்டார். கட்டபொம்மன் குற்றாலத்துக்குப் போனார். துரை பார்க்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனார். அங்கேயும் பார்க்கவில்லை. துரை எங்கெங்கே முகாம் போட்டாரோ அங்கெல்லாம் பாளையக்காரர் பின்னால் அலைய வேண்டியதாயிற்று. கடைசியாக, செப்டம்பர் மாதம், இராமநாதபுரத்தில் பார்க்க அனுமதி கிடைத்தது. அங்கே அவரைச் சுமார் மூன்று மணி நேரம் நிற்க வைத்தார்கள்.

இதில் முக்கியமான சங்கதி ஒன்று இருக்கிறது. அந்தச் சந்திப்புக்குள் அவர் பாக்கியில் பெரும்பகுதியைக் கட்டிவிட்டார். மீதி இருந்தது 1,080 வராகன்தான்!

பணத்தையும் கட்டி, ஊர் ஊராக அலைந்து, நின்ற கால் வலிக்க நின்று, கடைசியில் கைது செய்யப் பார்த்தால் ஒரு மனிதனுக்கு எப்படி இருக்கும்? அன்று கோட்டை வாசலில் கைகலப்பு நடந்தது. கிளார்க் என்ற வெள்ளைக்கார அதிகாரி மாண்டார். ஊமைத்துரை ஆட்களோடு சமயத்தில் வந்து சேர்ந்ததால் கட்டபொம்மன் தப்பினார். அவருடைய காரியஸ்தர் சுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கும்பினியாரே விசாரணைக் குழு போட்டார்கள். இராமநாதபுரத்தில் நடந்ததற்குக் கட்டபொம்மன் மேல் குற்றம் இல்லை என்று குழு சொல்லிவிட்டது. ஜாக்சன் பதவியை இழந்தார். லூஷிங்டன் புதுக் கலெக்டராக வந்தார். வெள்ளைக்கார சர்க்கார் தன் கலெக்டர் செய்தது தப்பு என்று ஒப்புக்கொண்டது எத்தனை பேருக்குத் தெரியும்? வசனம் தெரிந்த நமக்கு இது தெரியவில்லையே!

வசனத்தைவிட இந்தக் கதை எனக்குப் பெரிதாகப் படுகிறது. முழங்குகிற வீரனைக் கண்டு பிரமிக்கிறோம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துக் கடைசியில் எழுந்த மனிதனை நம்மில் ஒருவனாக நினைக்க முடிகிறது. தாலுகா ஆபீஸ் வாசலில் நாள் முழுக்க நின்றவர்களுக்கு அந்த மூன்று மணி நேரம் என்னவென்று யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

எட்டயபுரம் செய்த பாவம் என்ன?

காட்டிக் கொடுப்பவனுக்கு நம் பேச்சில் ஒரு பெயர் இருக்கிறது. எட்டப்பன்! வீட்டில் சண்டை வந்தால்கூட அண்ணன் தம்பியை அப்படித் திட்டுகிறான். இந்த வார்த்தை இவ்வளவு பரவ சினிமாவும் ஒரு காரணம்.

எட்டயபுரத்துக்காரர் ஒருவர் வெளியூருக்குப் போய் ஊர்ப் பெயரைச் சொன்னால் கேலிச் சிரிப்பு வருகிறது. பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இந்தக் கேலி நடக்கிறது. இது நியாயமா?

எட்டயபுரம் பாளையக்காரர் கும்பினியார் பக்கம் நின்றார் என்பது உண்மை. அதை மறைக்க வேண்டாம். ஆனால் இரண்டு பாளையங்களுக்கும் எல்லைத் தகராறு வெகு நாளாக இருந்தது. வேறு பாளையக்காரர்களும் கும்பினியோடு சேர்ந்தார்கள். 1799 செப்டம்பர் 5-ந் தேதி மேஜர் பானர்மேன் கோட்டையைத் தாக்கிய பிறகு, கட்டபொம்மன் வடக்கே தப்பிப் போனார். அவரைப் பிடித்து ஒப்படைத்தது புதுக்கோட்டை ராஜா. எட்டயபுரத்தார் துரத்தினார்கள், பிடிக்கவில்லை. பழியோ முழுதும் ஒரே ஊர் தலையில் விழுந்தது.

அதே எட்டயபுரத்தில்தான் 1882-இல் பாரதியார் பிறந்தார். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அடங்கியிருப்பதும் அந்த மண்தான். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதர் 1835-இல் மறைந்ததும் அங்கேதான். ஒரு பாளையக்காரர் செய்ததற்கு ஊர் முழுவதும் இருநூறு வருஷம் தலை குனிய வேண்டுமா? சினிமாவுக்கு ஒரு வில்லன் வேண்டும். சரித்திரத்துக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எதிரி எழுதிய புத்தகம்

எந்தப் புத்தகத்தைப் படிப்பது என்று கேட்பீர்கள்.

ம.பொ.சிவஞானம் எழுதிய "வீரபாண்டிய கட்டபொம்மன்" இருக்கிறது. ஜெகவீரபாண்டியனார் எழுதிய "பாஞ்சாலங்குறிச்சி வீர சரித்திரம்" இருக்கிறது. கட்டபொம்மன் கொள்ளைக்காரன் என்று தமிழ்வாணன் எதிர்த்து எழுதிய புத்தகமும் இருக்கிறது. அதைப் படிக்காதே என்று சொல்ல மாட்டேன். இரண்டு கட்சி வக்கீல் பேச்சையும் கேட்டால்தானே தீர்ப்புச் சொல்ல முடியும்?

ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது எதிரிகளின் புத்தகம். ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஒரு வெள்ளைக்கார அதிகாரி. பாஞ்சாலங்குறிச்சியில் நமக்கு எதிராகச் சண்டை போட்டவர். தன் ராணுவ வாழ்க்கை நினைவுகளை இரண்டு பாகமாக எழுதி, 1830-இல் லண்டனில் வெளியிட்டார். வளரி எறியக் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று அதில் நன்றியோடு எழுதுகிறார். பின்னால் அந்த மருதுவையே எதிர்த்துப் போருக்குப் போனவரும் இவர்தான்!

இடையன்குடியில் வாழ்ந்த பிஷப் கால்டுவெல் 1881-இல் திருநெல்வேலிச் சரித்திரத்தை ஆங்கிலத்தில் எழுதினார். அவரும் கும்பினிக்குச் சாதகமாகவே எழுதினார்.

வெள்ளைக்காரன் எழுதியதை நம்பலாமா? நல்ல கேள்வி. அவன் நம்மைத் திட்டும் இடத்தில் ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். அவனே நம்மைப் புகழும் இடத்தில் அவ்வளவு சந்தேகம் தேவையில்லை. எதிரி பொய்யாகப் புகழ மாட்டான் அல்லவா?

சிறை உடைந்த நாள்

படம் கயத்தாற்றுத் தூக்குமரத்தோடு முடிகிறது. வெல்ஷின் புத்தகத்திலோ சண்டை அதன் பிறகுதான் சூடு பிடிக்கிறது!

கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையையும் உறவினர்களையும் பாளையங்கோட்டைக் கோட்டையில் அடைத்து வைத்திருந்தார்கள். 1801 பிப்ரவரி 2-ந் தேதி. வெள்ளைக்கார அதிகாரிகளும் அவர்கள் வீட்டுப் பெண்களும் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கைதிகளுக்கு அம்மை கண்டிருந்ததால் விலங்குகளைக் கழற்றியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து, மாறுவேஷத்தில் வந்த ஆட்கள் காவலர்களை மடக்கிக் கைதிகளை மீட்டுக்கொண்டு போய்விட்டார்கள்.

முப்பது மைல்! ராத்திரியோடு ராத்திரியாகப் பாஞ்சாலங்குறிச்சிக்கு ஓட்டம்!

கும்பினிப் படை பின்னால் போய்ப் பார்த்தபோது அவர்களுக்குக் கண்ணையே நம்ப முடியவில்லை. முன்பு இடித்துத் தரைமட்டமாக்கிய கோட்டை மறுபடி எழுந்து நின்றது. ஆறே நாளில் கட்டியிருந்தார்கள். கல் அல்ல, வெறும் மண். அந்த மண் சுவர் பீரங்கிக்கு ஈடு கொடுத்தது. மார்ச் 31-ந் தேதி தாக்கிய கும்பினிப் படை தோற்றுத் திரும்பியது. மேலும் படைகளை வரவழைத்து, மே 24-ந் தேதிதான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது.

அதற்குப் பிறகு ஒரு காட்சி. வெல்ஷ் சொல்கிறார்.

கோட்டை விழுந்த அன்று, சில மைல் தூரத்தில், காயம்பட்டவர்களும் செத்தவர்களுமாகக் கிடந்தார்கள். இருட்டிய பின் பக்கத்துக் கிராமத்துப் பெண்கள் தங்கள் பிள்ளைகளைத் தேடி வந்தார்கள். ஒரு தாய் தன் மகனைக் கண்டுபிடித்தாள். உயிர் இருந்தது. தூக்கப் போனாள். மகன் தடுத்தான். என்னை விட்டுவிடு, பக்கத்தில் கிடக்கும் நம் சாமியைக் காப்பாற்று என்று சொன்னான். சாமி என்று அவன் காட்டியது ஊமைத்துரையை.

அந்தத் தாய் மகனை விட்டாள். ஊமைத்துரையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

எட்டயபுரத்து ஆட்கள் ஊமைத்துரையைத் தேடி அந்தக் கிராமத்துக்கு வந்தார்கள். பெண்கள் அவர் மேல் துணியைப் போர்த்தி, சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். அம்மை கண்டு செத்த பிள்ளை என்று சொன்னார்கள். அம்மை என்ற சொல்லைக் கேட்டதும் வந்தவர்கள் ஓடிப்போனார்கள். ஊமைத்துரை பிழைத்தார். சிவகங்கைக்குப் போய் மருது சகோதரர்களோடு சேர்ந்து மறுபடி போரிட்டார். பிடிபட்டு, 1801 நவம்பர் 16-ந் தேதி பாஞ்சாலங்குறிச்சியில் தூக்கிலிடப்பட்டார்.

எதிரிப் படையில் இருந்தவர் இதை எழுதியிருக்கிறார் என்பதை மறக்காதீர்கள். வாய் பேச வராத அந்த மனிதரின் சைகை ஒவ்வொன்றுக்கும் படை கட்டுப்பட்டது என்று வியந்து எழுதுகிறார். அந்தத் தாயின் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை. இதை யாராவது படமாக எடுக்கக் கூடாதா?

வ.உ.சி. பின்னால் நின்ற கூட்டம்

பந்துலுவும் சிவாஜியும் சேர்ந்து 1961-இல் இன்னொரு படம் கொடுத்தார்கள். "கப்பலோட்டிய தமிழன்." ம.பொ.சி. எழுதிய புத்தகம்தான் அதற்கு மூலம். நல்ல படம். தேசிய விருதும் பெற்றது. ஆனால் அன்று கட்டபொம்மன் மாதிரி ஓடவில்லை. கத்திச் சண்டைக்குக் கூடிய கூட்டம் கணக்குப் புத்தகத்துக்குக் கூடவில்லை போலும்!

வ.உ.சிதம்பரம் பிள்ளையின் சுதேசிக் கப்பல் கம்பெனி 1906 அக்டோபர் 16-ந் தேதி பதிவாயிற்று. தேதியைப் பாருங்கள், கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட அதே அக்டோபர் 16! மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள்.

1908 மார்ச் 12-ந் தேதி அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் வெள்ளிக்கிழமை. திருநெல்வேலி கொந்தளித்தது. கல்லூரி மாணவர்கள் வெளியே வந்தார்கள். கடைக்காரர்கள் கடையை அடைத்தார்கள். நகரசபை ஆபீசும் போலீஸ் ஸ்டேஷனும் தபால் ஆபீசும் தீப்பிடித்து எரிந்தன. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள்.

வ.உ.சி. செக்கிழுத்தது நம் எல்லோருக்கும் தெரியும். அவருக்காக டவுன் தெருவில் விழுந்து செத்த அந்த நான்கு பேரைத் தெரியுமா? டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கும் தெரியாது. படம் ஒரு மனிதரைச் சுற்றிச் சுழல்கிறது. அப்படித்தான் சுழல முடியும். கூட்டத்தைத் தேடிப் போவது புத்தகத்தின் வேலை. ஆ.இரா.வேங்கடாசலபதி அந்த வேலையைச் செய்திருக்கிறார். "திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908" என்ற அவர் புத்தகம் 2024-ஆம் ஆண்டு சாகித்திய அக்காதெமி விருது பெற்றது. நெல்லையில் ஒரே ஒரு நாள் நடந்ததற்காக ஒரு முழுப் புத்தகம்!

இன்னொன்று. வ.உ.சி. சிறையிலிருந்து வெளியே வந்தபோது வக்கீல் சன்னது இல்லை. வறுமையில் வாடினார். வாலேஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி சன்னதைத் திரும்பக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றிக்காக வ.உ.சி. தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வெள்ளை ஆட்சியை எதிர்த்து நாற்பது வருஷத் தண்டனை விதிக்கப்பட்டவர், வெள்ளைக்காரர் ஒருவர் பெயரைப் பிள்ளைக்கு வைக்கிறார்! அவருடைய மனம் எப்படிப்பட்டது என்று காட்ட இந்த ஒரு பெயர் போதும்.

பாஞ்சாலங்குறிச்சிக்குப் போகிறவர்களுக்கு

லீவு நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். பாஞ்சாலங்குறிச்சியும் வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். பழைய திருநெல்வேலி ஜில்லாவில் இருந்தவை. 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கின்றன. கயத்தாறு போகிற வழியில் கட்டபொம்மன் சிலையைப் பார்க்கலாம். அதை நிறுவியவர் சிவாஜி கணேசன்தான்.

போகும் முன் பிள்ளைகளிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள். அங்கே கம்பீரமாக நிற்கும் கோட்டை கட்டபொம்மன் கட்டியது அல்ல. 1974-இல் தமிழக அரசு கட்டிய நினைவுக் கோட்டை. அதுவும் சினிமா மாதிரிதான். நினைவுக்காகப் பிறகு கட்டியது. பழைய கோட்டையை இடித்துவிட்டார்கள். அடித்தளம் மட்டும் தரையோடு தரையாகத் தெரியும். பெரும்பாலோர் புதுக் கோட்டை முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள்.

அடித்தளத்தையும் நின்று பாருங்கள். ஆறு நாளில் எழுந்த சுவர் அந்த இடத்தில்தான் நின்றது. கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் கும்பினிப் படையில் செத்த வெள்ளைக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. சினிமாவில் வராத அந்த இரண்டாவது சண்டையைப் பற்றி அங்கே நின்று பேசலாம். வெல்ஷ் எழுதியதைப் படித்தவர் கூட்டத்தில் ஒருவர் இருந்தால் போதும். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள்.